நான் சொல்லாத 'இப்போ'

அர்ப்ரோத்
8 ஜூன் 1942

அன்புள்ள டெஸ்மண்ட்,

சனிக்கிழமை உன் கல்யாணத்தில் நான் மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டும் என்ற உன் கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி. அதே தபாலில் விசாரணைக் குழு உன் அறிக்கையின் நகலையும் அனுப்பியிருந்தது.

அறிக்கை நன்றாக இருக்கிறது, எழுத்துப்பிழையே இல்லை. சாலிஸ் 'இப்போ' என்று அவசரப்பட்டுச் சொன்னதால் டார்பிடோ அலையின் முகட்டில் விழுந்து எதிரிக் கப்பலைத் தவறவிட்டது என்கிறாய். சாலிஸ் நான்தான் என்பதால் இரண்டு முறை படித்தேன்.

அன்று சிசிலிக்குத் தெற்கே நீ விமானத்தை ஓட்டினாய். நான் பின்னிருக்கையிலிருந்து வெளியே தலைகீழாகத் தொங்கி அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு அலைகளுக்கு நடுவே பள்ளம் வரும்வரை 'இன்னும் இல்ல', வந்ததும் 'இப்போ' என்று நான் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகே நீ டார்பிடோவை விடும் பொத்தானை அழுத்த வேண்டும். நான் மூன்றாவது 'இன்னும் இல்ல' சொல்லி வாயை மூடுமுன் டார்பிடோ என் மூக்கைத் தாண்டிக் கீழே போனது.

பயந்துவிட்டாய். அதற்குக் கோபமில்லை, நானும் பயந்தேன், தலைகீழாக.

நம் துப்பாக்கிக்காரன் ஹோப்லியைப் போன வாரம் ரயிலடியில் பார்த்தேன். "பேச்சுக்குழாய்ல நானும்தான் சார் கேட்டுக்கிட்டிருந்தேன். மூணு 'இன்னும் இல்ல' வந்துச்சு. 'இப்போ' வரவே இல்ல. ஆனா என்னை மாதிரி ஆளை எவன் சார் கூப்பிட்டு விசாரிக்கிறான்? பெனிங்டன் சார் ஆபீசரு, அவரு காதுக்குத்தான் மதிப்பு" என்றான். பெனிங்டன் நீதான் என்பதை நினைவூட்டுகிறேன்.

என்னை இப்போது பறக்க விடாமல் தரையில் உட்கார வைத்திருக்கிறார்கள். புதியவர்களுக்கு வரைபடத்தை மடிக்கக் கற்றுத்தருகிறேன். திறமையாக மடிக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை குழு கூடி, நான் இனிப் பறக்கலாமா என்று முடிவு செய்யும். அவர்களுக்கு நீ ஒரு வரித் தந்தி அடித்தால் போதும்: 'சாலிஸ் சொல்லவில்லை.' எனக்குப் பறக்க வேண்டும், டெஸ்மண்ட். வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

தந்தி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் சனிக்கிழமை வருவேன். மோதிரம் என் பையில் இருக்கும். பாதிரியார் கேட்டதும் அவசரப்பட்டுக் கையை நீட்டாதே. நான் பக்கத்திலேயே நிற்பேன். 'இப்போ' என்று சொல்வேன். இந்த முறையாவது கேட்டுவிட்டுச் செய்.

நீயும் உன் மணப்பெண்ணும் நலமாக வாழ வேண்டும்.

உன் பின்னிருக்கைக்காரன்,
எட்மண்ட் சாலிஸ்