அந்த அட்டையை அனுப்பியது நான் இல்லை

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
09.03.2025

அன்புள்ள தங்கச்சி நிரோஜாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் தம்பி நிருஷனும் குட்டியனும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். வட்ஸ்அப் இருக்கிற காலத்தில் அக்காவுக்கு ஏன் கடிதம் என்று சிரிப்பாய். வீடியோவில் நீ குட்டியனை மடியில் வைத்துக்கொண்டுதான் கதைக்கிறாய். அவனைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. லீவில் வந்த ஜெகதீஸ்வரி மாமி நாளைக்கு லண்டன் திரும்புகிறா. அவவிடம் கொடுத்து விடுகிறேன்.

காலபோக நெல் அறுத்து முடிந்தது. கடைசி மழை கெடுத்தும் பரவாயில்லை. அம்மாவுக்கு முழங்கால் நோ. ஆனாலும் குட்டியன் கதிரையைப் பிடித்து எழும்பி நின்று நாலு பல்லைக் காட்டிச் சிரிக்கிற வீடியோவை ஒழுங்கையில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டிவிட்டா. "மூத்தவளாலைதான் இந்தப் பிள்ளை தப்பினது" என்று வாற போற எல்லோருக்கும் சொல்கிறா. நீயும் போன் எடுக்கும்போதெல்லாம் அதையேதான் சொல்கிறாய். நிறுத்தடி நிரோஜா.

உன் பிள்ளையைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. பெரியம்மா சொல்லக்கூடிய வார்த்தையா இது? இல்லைத்தான். ஆனாலும் எரிகிறது.

காணி வெளியில் போகக்கூடாது என்று அப்பா தன் தங்கச்சியின் மகன்மார் இரண்டு பேரில் மூத்தவருக்கு என்னையும் இளையவன் நிருஷனுக்கு உன்னையும் கட்டி வைத்தார். காணியோடு சேர்ந்து எங்கள் குடும்பத்து நோயான இந்த வருத்தமும் வெளியில் போகவில்லை. என் மகளுக்கு இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. பத்தொன்பதாம் நாள் போய்விட்டாள். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியவில்லை, பெயரும் வைக்கவில்லை. உன் மகனுக்கோ பிறந்த அன்றே மருந்து ஏறியது. இன்றைக்கும் ஒவ்வொரு நாளும் ஏறுகிறது. அந்த மருந்தைக் குளிரில் வைக்கவென்று ஒரு தனிப் பிறிஜ் வைத்திருக்கிறாயே, அந்தப் பிறிஜைப் பார்த்துக்கூட நான் பொறாமைப்பட்டேன்.

அம்மா இன்னும் அந்த வருத்தத்தைச் சத்துக்குறைவு என்றுதான் நினைக்கிறா. கொழும்பு டொக்டர் என் பிள்ளையின் ஆஸ்பத்திரி அட்டையில் மொலிப்டினம் என்று ஒரு கனிமச் சத்தின் பெயரை எழுதியிருந்தார் அல்லவா? அது பயறிலும் உழுந்திலும் இருக்கிறதாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "சாப்பிட்டுச் சரிக்கட்டலாம் பிள்ளை" என்று கிழமையில் நாலு நாள் அவித்த பயறு, உழுந்தங்களி. நானும் விசரி மாதிரித் தின்றேன். பிறகு கிளினிக்கில் ஒரு டொக்டர்தான் விளங்கப்படுத்தினார். மொலிப்டினத்துக்கு எங்களிடம் குறைவே இல்லையாம். அதைப் பிடித்து நொதியத்தில் பொருத்துகிற பொருள்தான் எங்கள் பிள்ளைகளின் உடம்பில் உருவாகவில்லை. அந்த நொதியம் வேலை செய்யாவிட்டால் கந்தகக் கழிவு வெளியேறாமல் தேங்கி மூளையைக் கெடுக்குமாம். வயிற்றில் இருக்கும்வரை தாயின் உடம்பு அதைக் கழித்துவிடும். கொடி வெட்டியபிறகு பிள்ளை தனி. அதனால்தான் முதல் நாளே மருந்து ஏறவேண்டும், பிந்தினால் பயனில்லை என்றார்.

இனித்தான் நான் எழுத வந்த விசயம். குட்டியன் வயிற்றில் உனக்கு ஆறு மாதமாக இருந்தபோது, "அக்கா, உங்கட பிள்ளைக்கு என்ன வருத்தமெண்டு எழுதின அட்டையை அனுப்புங்கோ, இஞ்சத்த டொக்டர் கேக்கிறார்" என்று கேட்டாய். அட்டை அலுமாரிக்குள்ளேயே, என் கூறைச்சேலைக்கடியில் இருந்தது. தேடுகிறேன் என்று மூன்று கிழமை உனக்குப் பொய் சொன்னேன். அவளுக்கும் வரட்டும், அப்போது தெரியும் என்று ஒருநாள் நினைத்தேன். ஒருநாள்தான் என்று எழுதினால் அதுவும் பொய்.

பிறகு நான் கோயிலுக்குப் போன நேரம் என் மனுசன், உன் நிஷாந்தன் அத்தான், அட்டையை எடுத்து என் போனிலேயே படம்பிடித்து உனக்கு அனுப்பியிருக்கிறார். நான் வந்து பார்க்கும்போது நீ நன்றி சொல்லி அழுது வொய்ஸ் போட்டிருந்தாய். அவர் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் நல்ல பெயரைச் சும்மா வாங்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். குட்டியன் அத்தானால் தப்பின பிள்ளை. என் கையில் விட்டிருந்தால் அவனுக்கும் பத்தொன்பது நாள்தான்.

எனக்கு இப்போது வயிற்றில் நாலு மாதம். அம்மாவுக்கும் சொல்லவில்லை. இந்தப் பிள்ளைக்கும் வருத்தம் வர நாலில் ஒரு பங்குதான் பயம் என்கிறார் அத்தான். போன தரமும் அதே நாலில் ஒன்றுதான். உன் மகனின் மரபணுச் சோதனைப் பேப்பர் கிடைத்தால், வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு எதைத் தேடிப் பார்க்கவேண்டும் என்று இங்குள்ள டொக்டருக்குத் தெரியுமாம். வருத்தம் இருக்கிறதென்றால் பிள்ளை பிறக்கிற ஆவணிக்கு முதல் அந்த மருந்துக்கு வழி தேடவேண்டும்.

இதையெல்லாம் மறைத்துக் கேட்டிருந்தால் நீ அன்றைக்கே அனுப்பியிருப்பாய். தெரியும். ஆனால் நான் உனக்குச் செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்லி உன்னிடம் கை நீட்ட என்னால் முடியவில்லை.

குட்டியன் நூறு வயது வாழவேண்டும். அவனுக்கு நாவூறு கழி, முதலில் என் கண்ணுக்குக் கழி. என்னோடு ஆயுளுக்கும் கதைக்காமல் விடு, அது எனக்குத் தகும். பேப்பரை மட்டும் அனுப்பிவிடு தங்கச்சி.

உன் அக்கா,
டக்சாயினி