இடது காதில் வை

அக்கா,

வேலைக்குப் போகிறேன். சோறு மூடி வைத்திருக்கிறது, சாவி ஜன்னல் மேல். குட்டியை எழுப்பாதே.

நேற்று முகாம் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காது சோதித்தார்கள். குட்டிக்கு வலது காது சுத்தமாகக் கேட்கவில்லையாம். இடது காது பாதிதான். அவள் அம்மாவைக் கொண்டுபோன குண்டுச் சத்தமாக இருக்கலாம் என்றார்கள். அதற்குப் பிறகு எந்தச் சத்தத்துக்கும் அசையாமல் தூங்கினாளே, நாம்கூட சிங்கக்குட்டி என்று பெருமை பேசினோமே.

"எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்குறா, அப்படியே உன் அழுத்தம்டா" என்று நேற்றிரவு நீ திட்டினாய். நான் எழுந்து வெளியே போனது கோபத்தில் இல்லை. சொல்ல வாய் வரவில்லை.

போனை வைத்துவிட்டுப் போகிறேன். மத்தியானம் படுக்கும்போது குட்டி அவள் அம்மா குரலைப் போடச் சொல்லிக் கேட்பாள். ஒன்றுதான் பதிவாகி இருக்கிறது, "சாப்பிட்டியாடி கண்ணு" என்று. இத்தனை நாளும் நான் வலது காதில்தான் வைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

நீ இடது காதில் வை. என்னால் முடியவில்லை.

சத்தத்தை முழுக்கக் கூட்டு.

கேட்டதும் என்ன செய்தாள் என்று சாயங்காலம் சொல். நான் கேட்காவிட்டாலும் சொல்.