பத்து லட்சத்து மூன்று

புதுச்சத்திரம்
19-5-1938

அன்புள்ள தெய்வநாயகிக்கு,

ஆம், வகுபடவில்லை. விடுதியில் நீ கேட்டுவிட்டுப் போன பத்து லட்சத்து மூன்று, பகா எண்தான். ஆயிரத்துக்குள் உள்ள நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்களாலும் வகுத்துவிட்டேன். அதற்கு மேல் போக வேண்டாம். பெரியது ஒன்று வகுத்தால் அதன் ஜோடி ஆயிரத்துக்குள் அகப்பட்டிருக்கும். ஏழு, பதினொன்று, பதின்மூன்று, எல்லாவற்றுக்கும் மீதி நான்கு. கடைசியாக 997. மீதி பன்னிரண்டு.

நேரம் ஏது என்பாய். நேரம் மட்டும்தான் இருக்கிறது. பரீட்சை முடிந்து வந்தவள், கோயிலுக்கு ஒருமுறை போனதைத் தவிர, வாசல் தாண்டவில்லை. கடலைக்காய் மூட்டைகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்து வகுக்கிறேன். "ஏஞ்சாமி, நாளெல்லாம் வகுத்து என்னத்தெக் கண்டே?" என்றாள் அம்மா. மீதியில்லாமல் வகுக்க எதுவும் இல்லை என்று கண்டேன் என்றேன். "இல்லீங்கறதெப் பாக்கவா மெட்ராசுக்குப் போனே!" என்று சிரித்தாள்.

ஆனியில் எனக்குக் கல்யாணம். தாய்மாமன் சுப்பையன். மோகனூரில் தோட்டம். நல்லவர். அதுதான் சங்கடம், குறை சொல்லித் தப்பிக்க முடியாது.

எங்கள் பக்கம் பூக்கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். அம்மன் முன் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தது. எனக்கு மூச்சு வந்தது. "கொழந்தெ கை தடுமாறிப்போச்சுங்க" என்றார் பூசாரி. மறுபடி கேட்டார்கள். மறுபடியும் சிவப்பு. மூன்றாம் முறை வெள்ளை. அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நானும் ஒன்றை மறுபடி கேட்டேன். 331-ல் மீதி பூஜ்யம் வந்தது. ஒரு கணம் சந்தோஷப்பட்டேன், இதுவும் உடைந்தது என்று. பிறகு வெட்கமாக இருந்தது. திரும்பப் போட்டேன். மீதி ஐம்பத்திரண்டு. தப்பைத் தேடி நான் மறுபடி கேட்டேன். அவர்கள் விடை பிடிக்காமல் கேட்டார்கள். இதை அப்பாவிடம் சொன்னேன். "சாமி காரியத்துல கணக்குப் போடாதே" என்றார்.

கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்க இடம் இருப்பதாக எழுதியிருந்தாய். ஜூன் பத்தாம் தேதிவரை அதை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று கல்லூரித் தலைவி அம்மையாரிடம் சொல். கெஞ்சிக் கேட்கிறேன். நான் வருவேன் என்று எழுதக் கை வரவில்லை. வர விரும்புகிறேன். இதை இந்த வீட்டில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. மாமாவிடமும் யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் நாட்கள் உன்னுடையவையாகவே இருக்கட்டும்.

உன் பிரியமுள்ள,
சென்னியம்மாள்

கடிதத்தை உறையில் போட்டாள். ஒட்டவில்லை. அன்று வந்திருந்த சுப்பையன் ஊர் திரும்ப வண்டி பூட்டிக்கொண்டிருந்தார். வாசல் தாண்டிப் போய் அவர் கையில் கொடுத்து, "படிச்சுப்போட்டு, நாமக்கல்லுல தபால்ல சேத்துருங்க மாமா" என்றாள்.