கம்பெனிக் காற்று

அனுப்புநர்
ஓய்வுபெற்ற அஞ்சல் நிலைய எழுத்தர்,
மூன்றாம் வீடு, ஆலைப் பின்தெரு.

பெறுநர்
தொழிலகப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
தொழிலகப் பாதுகாப்பு அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: சமையல் எரிவாயுவில் கலக்கும் வாடைத் திரவத்தைத் தயாரிக்கும் ஆலையிலிருந்து எங்கள் தெருவுக்கு ஓயாமல் வரும் வாடையை, வரும் திங்கட்கிழமை ஆலை மீண்டும் திறப்பதற்கு முன் நிறுத்தக் கோருவதும், என் மருமகளின் தீவிபத்து அறிக்கையில் உள்ள ‘கவனக்குறைவு’ என்னும் முடிவை மறுபரிசீலனை செய்யக் கோருவதும் தொடர்பாக.

பார்வை: 1. சென்ற ஆண்டு நான் அளித்த மனு.
2. அதற்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதில்.
3. தீவிபத்து விசாரணை அறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது இதற்குள் அந்த நாற்காலிக்கு மாறி வந்திருக்கக்கூடிய அம்மையீர்,

1. பணியில் இருந்த காலமெல்லாம் ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்தவள் நான். எந்த மனு எந்த மேசையில் போய்ப் படுக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன். நிற்கத் தெம்பில்லை, சத்தம் போட அதைவிடத் தெம்பில்லை. எழுத மட்டும்தான் வருகிறது. சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருளவும்.

2. தாங்கள் அறியாததல்ல, இருந்தாலும் கோப்பில் இருக்கட்டும் என்று சொல்கிறேன். அடுப்பில் எரியும் வாயுவுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் மனிதருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, அழுகிய முட்டைக்கோஸைப் போல நாறும் ஒரு திரவத்தை அதில் துளித் துளியாகக் கலக்கிறார்கள். லாரி லாரியாகப் போகும் வாயுவுக்குக் கொஞ்சம் திரவமே போதுமாம். ஊரெல்லாம் இருக்கும் சமையலறைகளுக்கு அந்த நாற்றம்தான் காவல். அந்தத் திரவத்தைத் தயாரித்து டிரம்களில் அடைக்கும் ஆலை எங்கள் வீடுகளின் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நல்ல காரியம் செய்யும் ஆலைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் காவல் அனுப்பிவிட்டு எங்களைத் தெருவில் நிறுத்திவிட்டது.

3. டிரம் நிரப்பும்போதும், காலி டிரம்கள் திரும்பி வந்து மூடியில்லாமல் எங்கள் சுவரோரம் அடுக்கிக் கிடக்கும்போதும் வாடை வருகிறது. இதை எனக்குச் சொன்னவர் அங்கே சுமை ஏற்றும் தொழிலாளி ஒருவர். அவர் வீட்டுக்குப் போனால் மனைவி வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்கிறாராம். எங்களுக்குக் கழற்றிப் போட ஒன்றுமில்லை. படுக்கை, திரைச்சீலை, துவைத்துக் காயப்போட்ட துணி, எல்லாவற்றிலும் அதே வாடை. இதற்கு எங்கள் தெருவில் ‘கம்பெனிக் காற்று’ என்று பெயர். கம்பெனிக் காற்று வந்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும். எழுத்துப் படிப்பதற்கு முன்பே எங்கள் பிள்ளைகள் இதைப் படித்துவிடுகிறார்கள்.

4. எரிவாயுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதையும் தாங்கள் அறிவீர்கள். வாடை வந்தால் ஜன்னலைத் திற, கதவைத் திற, தீக்குச்சி கிழிக்காதே, மின் சுவிட்சைத் தொடாதே. ஊர் உலகமெல்லாம் வாடை வந்தால் திறக்கிறது. நாங்கள் மட்டும் சாத்துகிறோம். இப்படி ஒரு தப்பை வேறு எந்தத் தெருக்காரராலும் செய்ய முடியாது ஐயா. எங்களுக்கு அது தப்பாகவே தெரியவில்லை. வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பதில் ஒரு பகுதியாகத்தான் தெரிந்தது.

5. சென்ற ஆண்டு இதைத்தான் முதல் மனுவில் எழுதினேன். தங்கள் அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் ஒருவர் வந்தார். ஜீப்பை விட்டு இறங்கும்போதே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். எங்களுக்கு மகிழ்ச்சி. பிறகு தெருவில் நின்று இவரிடம் அவரிடம் விசாரித்தார், எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்தார். சிறிது நேரத்தில் கைக்குட்டை சட்டைப் பைக்குள் போய்விட்டது. கிளம்பும்போது என்னிடம், “இப்ப ஒரு வாடையும் இல்லையேம்மா, சும்மா பெருசு பண்றீங்களே” என்றார். மனிதருடைய மூக்கு அப்படித்தான். விடாமல் வந்துகொண்டிருக்கும் வாடையை அது கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் மனுவில் இருந்ததை எங்கள் வாசலிலேயே நின்று நிரூபித்துக் காட்டிவிட்டு, ‘வாடை உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவில் உள்ளது’ என்று எழுதி அனுப்பினார். தீங்கற்றதுதான். அது விஷம் என்று நாங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. அது பொய் சொல்கிறது என்றுதான் சொன்னோம்.

6. இனி என் மருமகளைப் பற்றி. கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறாள். எறும்புக் கால் அளவு திருகாணியை இடுக்கியில் பிடித்து முடுக்கும் கை அவளுக்கு. கல்யாணமாகி வேறு ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். வந்த முதல் நாளே, பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல், “அத்தை, கேஸ் லீக் ஆகுது!” என்று கத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடி, சிலிண்டரை மூடி, ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டாள். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவசர உதவி எண்ணுக்குப் பேசினாள். முகவரியைக் கேட்டதும் மறுமுனையில் இருந்தவர், “அந்தத் தெருவா? அங்க எப்பவும் அப்படித்தான் மேடம்” என்று வைத்துவிட்டார்.

7. தெருவில் அவளுக்கு ‘ஃபயர் சர்வீஸ்’ என்று பெயர் வைத்தார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் அவள் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம், “மணியடிச்சுட்டுப் போம்மா, வழி விடுறோம்” என்பார். கெட்ட எண்ணம் இல்லாத கேலி. அவளும் சிரித்தாள். அப்புறம் ஓடுவதை விட்டாள், பிறகு கேட்பதையும் விட்டாள். மழைக்காலம் முடிவதற்குள் எங்களோடு சேர்ந்து ஜன்னலைச் சாத்தப் பழகிவிட்டாள். ‘பரவாயில்லை, நம்ம வீட்டுப் பெண்ணாகிவிட்டாள்’ என்று அன்றைக்கு எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதிக்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

8. விபத்து நடந்தது ஒரு மாலை. அவள் வேலை முடிந்து வந்தாள். வாடை இருந்தது, என்றைக்குத்தான் இல்லை? சமையலறை ஜன்னலைச் சாத்தினாள். முகம் கழுவிக்கொண்டு வந்து எனக்கும் சேர்த்துத் தேநீர் போட அடுப்பைப் பற்ற வைத்தாள். அடுப்புக்குப் பின்னால் ரப்பர் குழாய் விரிசல் விட்டு வாயு கசிந்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். இரண்டு கைகளும் கழுத்தும் வெந்துபோயின. என் மகன் போர்வையோடு பாய்ந்து அவளை இழுத்தான். பிழைத்தாள். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கைகளில் ஒட்டியிருக்கிறார்கள். விரல்கள் முழுதாக மடங்க நாளாகும் என்கிறார் மருத்துவர். திருகாணியைப் பற்றிக் கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

9. விசாரணை அறிக்கை வந்தது. ‘கசிவின் வாடையை உணர்ந்தும் ஜன்னலை மூடி அடுப்பைப் பற்ற வைத்தது நுகர்வோரின் கவனக்குறைவு’ என்று முடித்திருக்கிறார்கள். எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். வேறு தெருவாக இருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் இந்தத் தெருவிலேயே கவனமாக இருந்த ஒரே ஆள் அவள்தான் ஐயா. அந்தக் கவனத்தைத்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து கேலி பேசிக் கழற்றினோம். ஆலை வாடையை அனுப்பியது, உதவி எண்காரர் போனை வைத்தார், தங்கள் ஆய்வாளர் கைக்குட்டையை மடித்து வைத்தார். எல்லோருடைய வேலையும் முடிந்த பிறகு மிஞ்சிய ஒரு வார்த்தை அவள் தலையில் விழுந்திருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவள் சமையலறை வாசலைத் தாண்டவில்லை. “ஜன்னல நான்தானே அத்தை சாத்துனேன்” என்று கேட்கிறாள். நான் இல்லை என்கிறேன். அரசாங்கம் ஆமாம் என்று எழுதிக் கொடுத்திருக்கும்போது என் பேச்சு எடுபடுமா?

10. இதோடு நின்றிருந்தால் இந்த மனுவை எழுதியிருக்க மாட்டேன். சலித்துப்போனவள் நான். ஆனால் ஆண்டுப் பராமரிப்புக்காக ஆலையைச் சில நாட்களாக மூடியிருக்கிறார்கள். காலி டிரம்களையும் எங்கோ ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மூடிய இரண்டாம் நாளே தெரு கழுவிவிட்டதுபோல் ஆகிவிட்டது. துவைத்த துணியில் சோப்பு வாசனை வருகிறது. பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்குவது இங்கே தெரிகிறது. சின்னப் பிள்ளைகள் இது என்ன வாசம், அது என்ன வாசம் என்று கேட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

11. அப்படிப்பட்ட ஒரு காலையில் என் மருமகள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் திடீரென்று எழுந்து, எதிர்வீட்டுத் தையல்காரரிடம், “அண்ணே, உங்க வீட்டுல கேஸ் வாடை வருது” என்றாள். அவர் தையல் எந்திரத்தை விட்டுத் தலையைக்கூடத் தூக்காமல், “கம்பெனிக் காத்தும்மா” என்றார். சொல்லி முடித்ததும் எந்திரம் நின்றது. “கம்பெனிதான் மூடியிருக்கே” என்று அவரே சொன்னார். பிறகு கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தன. எரிவாயு முகவர் அனுப்பிய பழுதாளர் வந்து குழாயை வளைத்துப் பார்த்துவிட்டு, “இது இன்னைக்கு நேத்து வந்த விரிசல் இல்லைங்க, மாசக்கணக்கா ஆயிருக்கும்” என்றார். அன்று மாலை தையல்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார்.

12. அதன்பிறகு இன்னும் இரண்டு வீடுகளில் கசிவு கண்டுபிடிக்கப்பட்டது. ஒன்று, வேலைக்குப் போகும் தாய்மார்கள் பகலில் பிள்ளைகளை விட்டுச் செல்லும் வீடு. அங்கே சிலிண்டரின் வாயில் இருக்கும் சிறு வளையம் தேய்ந்திருந்தது. பிள்ளைகள் தூங்கும் பாய் அந்தச் சிலிண்டருக்கு எட்டும் தூரத்தில்தான் விரிந்திருந்தது. இவை எதுவும் ஆலை மூடிய பிறகு புதிதாக வந்த கசிவுகள் அல்ல. ஏற்கெனவே இருந்தவை. இத்தனை காலம் கம்பெனிக் காற்றுக்குள் ஒளிந்திருந்தன.

13. ஆகவே தங்களை வேண்டுவது: காலி டிரம்களை மூடியிட்டு, மூடிய கொட்டகைக்குள் வைத்துக் கழுவவும், நிரப்பும் இடத்து வாடை வெளியே வராமல் வடிகட்டவும் ஆலைக்கு உத்தரவிட வேண்டும். அது நிறைவேறும்வரை ஆலையைத் திறக்க அனுமதிக்கக் கூடாது. அனுமதித்தே ஆக வேண்டுமென்றால், எங்கள் மூக்கை நம்பாமல் சத்தம் போட்டு எச்சரிக்கும் கருவி ஒன்றை ஒவ்வொரு சமையலறையிலும் முதலில் பொருத்தச் செய்யுங்கள். தங்கள் ஆய்வாளரையும் மறுபடி அனுப்பி வையுங்கள், நல்ல மனிதர்தான். ஜீப்பை விட்டு இறங்கும் அந்த முதல் நிமிடத்திலேயே அறிக்கையை எழுதிவிடச் சொல்லுங்கள், அது போதும்.

14. என் மருமகளின் அறிக்கையில் உள்ள அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட வேண்டுகிறேன். யார் பெயரையும் அந்த இடத்தில் போடச் சொல்லவில்லை. வெற்றிடமாக இருந்தாலும் சரி.

15. திங்கட்கிழமை ஆலை திறந்தால் ஓரிரு நாளில் எங்கள் மூக்கு பழையபடி மரத்துவிடும். அவளுடையதும்தான். அது அவளுக்கும் தெரியும். சமையலறை வாசலைத் தாண்டாமல் இருந்தவள், நேற்றிலிருந்து தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டுச் சமையலறைக்கும் போய்க்கொண்டிருக்கிறாள். கைகளில் கட்டு இருப்பதால் சிலிண்டரைத் தொட முடியாது. வீட்டுக்காரர்கள் அடுப்பு மேடைக்குக் கீழே சிலிண்டரை மறைக்கும் திரைச்சீலையை விலக்கிக் கொடுக்க, குனிந்து மோந்து பார்க்கிறாள். நடுநடுவே தெருவுக்கு வந்து, மூக்கு பழகிவிடாமல் நல்ல காற்றை இழுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறாள். இப்போது யாரும் சிரிப்பதில்லை. வெயில் பட்டால் வெந்த கழுத்து எரிகிறது என்பதால் என் மகன் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறான். இன்னும் பாதித் தெரு பாக்கி இருக்கிறது. நாளை மாலைக்குள் முடித்துவிட வேண்டும் என்று சாப்பிடக்கூட வராமல் சுற்றுகிறாள். தாங்கள் ஆலையை நிறுத்தி வைப்பீர்கள் என்று அவளிடம் சொல்லி, கொஞ்சம் உட்காரச் சொல்ல எனக்கு உரிமை தாருங்கள்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து வாசலில் இருக்கும்,

(கையொப்பம்)
மூன்றாம் வீட்டு மாமியார்

இடம்: ஆலைப் பின்தெரு
நாள்: சனிக்கிழமை, முற்பகல்