நாற்பத்திரண்டு பல்லும் ஒரு துரோகியும்

மார்ச் 3, செவ்வாய்

வருங்காலச் சந்ததியினர் குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி: இன்று மாலை ஐந்தே காலுக்கு என் சைக்கிள் புதுப் பல் கட்டிக்கொண்டது.

எனக்கு வாயில் இருபத்தெட்டுப் பல். என் சைக்கிளின் பின்சக்கரப் பல்வட்டு அடுக்கான கேசட்டில் இருக்கும் பெரிய வட்டுக்கும் நேற்று வரை அதே இருபத்தெட்டுதான். புதுக் கேசட்டில் நாற்பத்திரண்டு! இனி மலையேறும்போது நான் மூச்சு வாங்க மாட்டேன், மலைதான் வாங்கும்.

ஒரே சிக்கல். சங்கிலியை வட்டுக்கு வட்டு தள்ளிவிடும் டிரெய்லியருக்குக் குட்டைக் கை. பெரிய வட்டில் போய் முட்டுகிறது. நீளக் கை வேண்டும். எந்த நீளக் கை? கேட்பதற்கு ஒருத்தன்தான் இருக்கிறான் — ஒட்டடை. முழுப்பெயர் ஒட்டடைக்குச்சி, உடம்பு அப்படி. ஜனவரியில் வேறு ஊருக்குப் போய்விட்டான். இந்தச் சைக்கிள் எனக்கு வந்தது அதற்கப்புறம். 22ஆம் தேதி சைக்கிள் மலையேற்றப் போட்டியில் நானும் அவனும் ஜோடி.

"கியர் மாத்துற லிவரைப் படம் எடுத்து அனுப்புடா. அதைப் பாக்காம சொல்ல மாட்டேன்" என்றான். அனுப்பினேன்.

"அடேயப்பா!" என்று பதில்.

அடேயப்பாதான்.

மார்ச் 6, வெள்ளி

எந்தக் கை என்று ஒட்டடை மாடல் எண்ணோடு அனுப்பிவிட்டான். சித்தப்பா பிறந்தநாள் பரிசாக ஆர்டர் போட்டார்.

"இதோட சரி. வருஷம் பூரா இனி எதுவும் கேக்கக் கூடாது."

"கேட்டா என் பேரை மாத்திக்கிறேன் சித்தப்பா."

"பேரை மாத்திக்கிட்டு வந்து கேப்ப. தெரியாதா உன்னை?"

மார்ச் 14, சனி

வந்தது. நானே மாட்டினேன். டிரெய்லியர் மாட்டுவதில் இந்த வட்டாரத்தில் எனக்கு நிகர் நானே.

லிவரை ஒரு சொடுக்குச் சொடுக்கினேன். சங்கிலி இரண்டு வட்டுக்கும் நடுவில் நின்று கரகரவென்றது. எல்லாச் சொடுக்கும் தீர்ந்த பிறகும் ஆறாவது வட்டைத் தாண்டவில்லை. நாற்பத்திரண்டு பல்லும் சும்மா இளித்துக்கொண்டிருக்கிறது.

சைக்கிள் கடை அக்காவிடம் தள்ளிக்கொண்டு போனேன். ஒரே பார்வைதான்.

"யாருடா இதை வாங்கச் சொன்னது? உன் லிவர் ஒன்பது கியர். இந்தக் கை பத்து கியருக்கானது. உன் லிவர் இழுக்குற கம்பி அளவு இதுக்குப் பத்தாது. நீளம் மட்டும் சரியா இருந்தா போதுமா?"

"விஷயம் தெரிஞ்சவன்தான் சொன்னான்க்கா."

"அப்போ தெரிஞ்சேதான் சொல்லியிருக்கான்" என்று சிரித்தாள். மாட்டிக் கழற்றியதைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரிஞ்சேதானா? டிசம்பரில் அவன் காற்றுப் பம்புக்குள் முகப் பவுடர் போட்டது நான். ஊரே பார்க்க வெள்ளையடித்த சுவர் மாதிரி நின்றான். "உனக்கு இருக்குடா" என்றான் அன்றைக்கு. இதுதானா அது? ஒரு பவுடருக்கு இவ்வளவா? நான் விளையாட்டுக்குச் செய்வேன்டா. நீ என் மலையையே பிடுங்கிட்டியே. வேற யார் செஞ்சிருந்தாலும் தாங்கியிருப்பேன். நீயா? நீ சொன்னா கண்ண மூடிக்கிட்டு மாட்டுவேன்னு தெரிஞ்சுதானே —

துரோகி.

மார்ச் 15, ஞாயிறு

பழைய கேசட்டையும் குட்டைக் கையையும் திரும்ப மாட்டினேன். பிறகு சைக்கிள் சங்கச் செயலாளரிடம் போனேன். எப்போதும் கழுத்தில் விசில் தொங்குவதால் அவருக்கு விசில் சார் என்று பெயர். ஜோடியிலிருந்து ஒட்டடையின் பெயரை அடிக்கச் சொல்லி, என்னைத் தனி ஓட்டத்துக்கு மாற்றச் சொன்னேன்.

"அவனுக்கு என்னப்பா?"

"மஞ்சள் காமாலை சார்."

ஆறு மணிக்குப் பட்டியல் மூடியாகிவிட்டது. ஒட்டடைக்குச் செய்தி அனுப்பினேன்: ‘நீ ஓட வேண்டாம். ஏன்னு உனக்கே தெரியும்.’ தித்திப்பாக இருந்தது. ஒரு மணி நேரம்.

மார்ச் 16, திங்கள்

அவனே கூப்பிட்டான்.

"என்னடா ஆச்சு உனக்கு? நாலு மாசமா தினமும் ஓட்டிப் பழகுறேன்டா!"

"ஒன்பது கியர் லிவருக்குப் பத்து கியர் கையைச் சொன்னியே, அப்போ இது தெரியலையா?"

"ஒன்பதா? யாருக்கு ஒன்பது?"

"எனக்குத்தான்!"

போனை வைத்துவிட்டான். பிறகு ஒரு படம் வந்தது. 3ஆம் தேதி நான் அனுப்பிய அதே படம். கீழே ஒரு வரி: ‘லிவர்ல இருக்குற கியர் நம்பரை எண்ணிப் பாரு.’

எண்ண வேண்டிய அவசியம் இல்லை. பத்து.

மார்ச் 17, செவ்வாய்

மறுபடி விசில் சார். புதிதாகச் சேர்க்க முடியாதாம், பெயர் மாற்றலாமாம். என் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் ஒட்டடையைப் போடச் சொன்னேன்.

"உனக்கு என்னப்பா?"

"மஞ்சள் காமாலை சார். அவனுக்குச் சரியாயிடுச்சு, எனக்கு வந்துடுச்சு."

கண்ணாடிக்கு மேலாக வெகுநேரம் பார்த்தார். எழுதிக்கொண்டார்.

மார்ச் 22, ஞாயிறு

மூன்றாவது வளைவில் தண்ணீர் கொடுக்க நின்றேன். ஒட்டடை பதினோராவதாக வந்தான். நான் நீட்டிய பாட்டிலை வாங்கவில்லை; பக்கத்தில் நின்றவரிடம் வாங்கிக்கொண்டான்.

முடித்துவிட்டு இறங்கி வரும்போது என் முன்னால் வண்டியை நிறுத்தினான். நேராகக் கேட்டான்.

"அந்தப் படத்துல இருந்தது யாரு வண்டி?"

இந்த நோட்டிலேகூட நான் எழுதாததைச் சொன்னேன். கீழ்வீட்டுப் பல் டாக்டருடையது. மாடிப்படிக்கு அடியில் பளபளவென்று நிற்கும். என் லிவர் பாதிக்கு மேல் துரு, மீதிக்கு இன்சுலேஷன் டேப். அவனிடம் பத்து கியர் இருக்கும்போது ஒன்பது என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் ஒரு தடவை ‘அடேயப்பா’ சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"டேப் சுத்தினதையே அனுப்பியிருக்கலாமேடா. நான் என்ன மார்க்கா போடப்போறேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. நானும் அடக்கிக்கொண்டேன்.

பிறகு மேசையில் மிச்சமிருந்த பாட்டில்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கினேன். அவன் கிளம்பவும் இல்லை, உதவவும் இல்லை. வண்டியைச் சாய்த்துவிட்டு எதிர்ப்பக்கக் கல்லில் உட்கார்ந்திருந்தான்.

தண்ணீர் கொடுப்பதில் இந்த வட்டாரத்தில் எனக்கு நிகர் — சரி, விடு. பாதிப் பேர் மேல் கொட்டிவிட்டேன்.