லேப்டாப் கேட்கும் டிஜே பெட்டி

அன்புள்ள அய்யாவுக்கு, ஆர்த்திகா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? பெங்களூரில் நான் நன்றாக இருக்கிறேன்.

நம் ரேடியோ செட்டுக்கு, பாட்டுகளைக் கலந்து போடும் டிஜே கன்ட்ரோலர் வாங்கி, இன்று பஸ்ஸில் பார்சல் போடுகிறேன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ள மட்டும் போனில் சொல்கிறேன்.

கடையில் எல்லாரும் பையன்கள். "யாருக்கு சிஸ்டர்?" என்றார் கடைக்காரர். "எங்க அய்யாவுக்கு" என்றதும் ஒருவன், "டிஜே அய்யாவா!" என்று சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். "லேப்டாப் இருக்குல்ல?" என்று கேட்டதற்கும் வெட்கத்தில் தலையாட்டிவிட்டேன்.

அறையில் பிரித்த பிறகுதான் தெரிந்தது, லேப்டாப்பில் மாட்டினால்தான் இது பாடும். உங்கள் பென்டிரைவைச் செருக இதில் இடமே இல்லை. பிரித்த பெட்டியைக் கடையில் மாற்றித் தரவில்லை. என்னிடம் இருப்பதோ ஆபீஸ் லேப்டாப், கொடுக்க முடியாது.

டிஜே இல்லையென்றால் இந்தத் திருவிழாவுக்கு நம் ஊர்ப் பையன்கள் வெளியூர் செட்டைக் கூப்பிட்டுவிடுவார்கள். யாரிடமாவது லேப்டாப் இரவல் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

லேப்டாப் விஷயத்தைப் போனில் சொன்னால், "அட, போகுது விடு தாயி" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் பெட்டிக்குள் எழுதி வைக்கிறேன். படித்ததும் கூப்பிட்டுத் திட்டுங்கள். சீக்கிரம் வைத்துவிடாதீர்கள்.

பஸ் ஆபீஸில் பார்சலை ஒட்டக் கேட்கிறார்கள்.

உங்கள் மகள்,
ஆர்த்திகா