விளக்கை ஆர் நூத்தது?

யேசு மரி சூசை

குருநகர்
18.11.1992

அன்பு மகள் அருள்மலருக்கும் மருமகன் சிமியோனுக்கும் பேரன் ரொஷானுக்கும், ஆண்டவர் கிருபையால் நாங்கள் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், நோர்வேயில் நீங்களும் அப்படியே இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. ஷெல்லுக்குப் பயந்து யாரும் கடலுக்குப் போவதில்லை, வலை வளவுக்குள் கிடந்து காய்கிறது. கரண்டும் இல்லை, மண்ணெண்ணெயும் சொட்டுச் சொட்டாகத்தான், ஜாம் போத்தலில் திரி போட்டு அந்த ஒரு விளக்கோடு காலம் போகிறது. போன கிழமை செபமாலைக்கு இருந்தபோது உன் தங்கச்சி பெர்னடெட்டின் மகள், "அப்பு, விளக்கை ஆர் நூத்தது?" என்று கேட்டாள். விளக்கை யாரும் அணைக்கவில்லை, மாதா படத்தடியில் எரிந்துகொண்டுதான் இருந்தது, மகள்.

பிள்ளையைக் கொண்டு பெர்னடெட்டோடு நானும் கண் டொக்டரிடம் போனேன். தாய் தகப்பன் சொந்தமோ என்றுதான் முதலில் கேட்டார். ஓம், மச்சான் மச்சாள் என்றேன். நானும் அம்மாவும் அப்படித்தான், நீயும் தங்கச்சியும் பேதுரு மாமாவின் பிள்ளைகளையே கட்டினீர்கள். வள்ளமும் வலையும் வெளியே போகக்கூடாதென்று சொந்தத்துக்குள் முடிக்க ஆயரிடம் விலக்கு வாங்கிக் கட்டிவைத்தோம். பிள்ளைக்குத் தாயிடம் ஒரு பங்கு, தகப்பனிடம் ஒரு பங்கு வருமாம், ஒன்றில் பழுதிருந்தாலும் மற்றது தாங்குமாம். இரண்டும் ஒரே குடும்பத்திலிருந்து வந்தால் அதே பழுது இரண்டிலும் இருக்கக்கூடுமாம். ஒரே இடத்தில் கிழிந்த இரண்டு வலைகள் என்று நான் விளங்கிக்கொண்டேன். முதலில் இருட்டில் தெரியாது, போகப் போகப் பகலிலும் பார்வை குறுகும், மருந்து இல்லை என்றார். அம்மா யாரோ கண் வைத்த கண்ணூறு என்கிறாள், உன் தம்பிக்கும் மாமாவின் கடைசி மகளையே பேசுகிறாள். சொந்தம் வேண்டாம், பிறத்தியில்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டேன், அதிலிருந்து அவளுக்கு என்னோடு கதை பேச்சில்லை.

போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாய், லைட்டை அணைத்தால் ரொஷான் நின்ற இடத்திலேயே நின்று அழுகிறான், சரியான பயந்தாங்கொள்ளி என்று. எல்லோரும் வாசித்துச் சிரித்தோம். இப்போது அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து வாசிக்கிறேன். அங்கே எந்நேரமும் கரண்ட் வெளிச்சம், ஒன்றும் தெரியவராது. டொக்டரிடம் கொண்டுபோ. அதற்கு முன் ஒரு மாலை வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, சத்தம் போடாமல் அவனுக்கு முன்னால் கையை நீட்டு. பிடிக்கிறானா பார்.

எங்கள் கோயில் யாகப்பர் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். குளிருக்குள் பிள்ளையை வெறுங்காலோடு விடாதே. பதிலில் ஒன்றையும் மறைக்காதே. வெறும் பயந்தாங்கொள்ளிதான் அப்பா என்று ஒரு வரி எழுதினால் எனக்குப் போதும்.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அப்பா
கனிசியஸ்